வடிகட்டி காட்டிய சுழியம்

அந்த மேற்பார்வையாளரை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். வடிகட்டியின் மூடியைத் திறந்ததும் எழுந்தது. உள்ளே பச்சையும் கறுப்புமாக, சளிபோல் கொழகொழவென்று அப்பியிருந்தது. கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி விடுதியில் என் மகள் மாதக்கணக்கில் குடித்தது அதன் வழியே வந்த தண்ணீரை.

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தவளை அழைத்துவரப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சியில் ஓர் ஆலையில் அழுத்தமானிகளைப் பராமரிப்பது என் வேலை. கண் தானாக வடிகட்டியின் சென்சாரில் போய் நின்றது. வடிகட்டிக்கு முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாக இரண்டு மெல்லிய குழாய்கள் அதற்கு வரும். இருபக்க அழுத்தத்தின் வித்தியாசத்தை எண்ணாகக் காட்டும். அழுக்கு சேரச் சேர எண் ஏறும். எல்லை மீறினால் மணி அடித்து மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணோ சுழியம். தண்ணீர் ஓடும்போது புது வடிகட்டியில்கூடச் சுழியம் வராது. குனிந்து பார்த்தால், குழாய்கள் இரண்டையும் இணைக்கும் நடு வால்வு முழுக்கத் திறந்திருந்தது. கருவியைச் சரிபார்க்கும்போது மட்டும் திறக்க வேண்டியது அது. திறந்தே விட்டால் இருபக்க அழுத்தமும் ஒன்றாகிவிடும், கருவி குருடாகிவிடும்.

மேற்பார்வையாளர் பாக்கு மென்றபடி சிரித்தார். "அது சும்மா கத்திக்கினே கெடக்கும் சார். மோட்டார் நின்னுட்டா புள்ளைங்க தண்ணிக்கு இன்னா பண்ணும்? அதான் தொறந்து வுட்டேன்."

"கழுவறதில்லையா?"

"ஆளு ஏது சார்? நான் ஒருத்தன் எத்தினின்னு பாக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்க பொண்ணுக்கு மட்டும் தனியா கேன் தண்ணி வெச்சிடறேன். வெளிய சொல்லிக்காதீங்க."

ஆள் இல்லாதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தத் தண்ணீர் ஆகாது, கேன் தண்ணீர்தான் வேண்டுமென்று தெரிந்த மனிதர் அல்லவா அவர்?

நடு வால்வை மூடினேன். எண் விறுவிறுவென ஏறியது. மணி அலறியது, மோட்டார் நின்றது. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "மணிய நிறுத்துங்க சார், புள்ளைங்க பயப்படுது" என்று பதறினார் மேற்பார்வையாளர். ஓடிவந்த வார்டனம்மா சொல்லித்தான் மூடியைத் திறந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாய்களை மூடச் சொன்னார்.

மகள் இப்போது வீட்டிலிருந்தே சின்னசேலத்துப் பள்ளிக்குப் போய்வருகிறாள். அவள் தேறிவிட்டாள், நான்தான் தேறவில்லை. லேசாக வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னாலும் எழுந்துபோய்க் குடிதண்ணீரை மறுபடி கொதிக்க வைக்கிறேன். அந்த மேற்பார்வையாளர் உளுந்தூர்பேட்டைப் பக்கம் வேறொரு விடுதியில் அதே வேலையில் சேர்ந்துவிட்டார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

மகள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். "அங்க இருக்கற புள்ளைங்களுக்கு வடிகட்டிய யாருப்பா போய்ப் பாப்பாங்க?"

தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எந்த விடுதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.