பூமிநாதன் கத்தாத குழி

பூமிநாதன் அண்ணன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமானால் அவர் சைக்கிளில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் கோட்டையூரில் தன் பெயிண்ட் கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் வள்ளென்று விழுவார். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னா, கேட்டுட்டே வரவேண்டியதுதான? எதுக்கு வந்தீக?" என்பார். அப்படியும் கடை ஓடியது அவர் மனைவி அழகி அக்காவின் பொறுமையால்.

ஞாயிறு விடிந்தால் அவர் வேறு ஆள். காரைக்குடியிலிருந்து கிளம்பும் எங்கள் சைக்கிள் கூட்டத்துக்கு எப்போதும் அவர்தான் முன்னால். அவருக்குப் பின்னால் அமலதாஸ் வாத்தியார், பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் பதில் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு, "சாமிகிட்ட பர்மிசன் வாங்கியாச்சு" என்று வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் நான். என் பெயர் ரேணுகா, மின்வாரியத்தில் வேலை. எனக்குப் பின்னால் இன்னும் சிலர்.

ஒருவர் சக்கரத்தை ஒருவர் ஒட்டியபடி வரிசையாகப் போவோம். எதிர்காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார், மற்றவர்களுக்குச் சுகம். ஆனால் பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது. தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகும் பின்சக்கரமும்தான். அதனால் குழி வந்தால் முதல் ஆள் கையைத் தாழ்த்திக் காட்டி, "குழி!" என்று கத்த வேண்டும். அடுத்தவர் அதைத் திருப்பிக் கத்த வேண்டும், அது கடைசி ஆள்வரை போகும். குரல் வரவில்லை என்றால் ரோடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த நம்பிக்கையில்தான் அத்தனை பேரும் மிதித்தோம்.

நான் சொல்ல வருகிற ஞாயிற்றுக்கு முந்தின வருச மார்கழியிலிருந்தே பூமிநாதன் அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சர்க்கரை வியாதி கண்ணுக்குள் இறங்கிவிட்டது. மதுரையில் கண்ணுக்குள் ஊசி போட்ட டாக்டர், இனிமேல் எந்த வண்டியையும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இது அழகி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை விற்றார். கேட்டதற்கு, "பெட்ரோல் விக்கிற விலையில" என்று மழுப்பினார். சைக்கிளை மட்டும் விடவில்லை. அழகி அக்கா சண்டை போட்டுப் பார்த்தார், அழுதும் பார்த்தார். "வாரத்துல ஒரு நாள் நாலு பேருக்கு முன்னாடி போறேன். அதையும் பிடுங்காத" என்று சொல்லிவிட்டாராம்.

கோவிலூர், குன்றக்குடி, திருப்பத்தூர் என்று அந்த ரோடெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தப் புளியமரத்தைத் தாண்டினால் எந்தக் குழி என்பது வரை தெரியும். பார்க்காமலே கத்தினார், சரியாகவும் இருந்தது. 'என்ன கூர்மையான கண்ணுண்ணே உங்களுக்கு' என்று நாங்கள் மெச்சினோம். அவரும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு நெற்குப்பைக்குப் போனோம். கிளம்பும்போது முகம் தெரியாத பனி. பாதி வழியில் வெயில் வந்தது. நெற்குப்பையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"வானம் ஒரு நிலையில இல்லையே மாப்ள. கொஞ்சம் பொறுத்துப் போவமா?" என்றார் வாத்தியார்.

"இது வெறும் தூத்தல் வாத்தியாரே. வாரீகளா, நான் மட்டும் போகவா?"

அவர் மட்டும் எப்படிப் போவார்? எல்லோரும் கிளம்பினோம்.

திருப்பத்தூரைத் தாண்டியதும் மழை விட்டு, சட்டென்று வெயில் அடித்தது. நனைந்த ரோடு தகரம் போல மின்னி என் கண்ணே கூசியது. அந்த வாரம்தான் அங்கே குழாய் பதிக்க ரோட்டோரத்தைத் தோண்டி, தார் போடாமல் விட்டிருந்தார்கள். போகும்போது அது எதிர்ப்பக்கம், பனியில் யாரும் கவனிக்கவில்லை. அடையாளத்துக்கு நட்ட கிளை மழைக்காற்றில் சாய்ந்து கிடந்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். பூமிநாதன் அண்ணனின் மனப்பாடத்தில் அந்தப் பள்ளம் இல்லை. ஒரு சாண் தள்ளிப் போனதால் அவர் தப்பிவிட்டார். கை தாழவில்லை, குரலும் வரவில்லை. அவர் சக்கரத்துக்குச் சற்று இடப்பக்கமாக வந்த வாத்தியார் தலைகுப்புறப் போய் விழுந்தார். நான் பிரேக்கைப் பிடித்து ஓரத்து முள்ளில் விழுந்து எழுந்து வந்தேன். வாத்தியார் வானத்தைப் பார்த்தபடி, "என் காலு எங்க இருக்கு, ரேணுகா?" என்று கேட்டார்.

கழுத்தெலும்பு நொறுங்கியிருந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து, ஒரு பயனும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லை. படுக்கைப்புண் வராமலிருக்க ஆளைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அவர் மனைவி வியாகுலம்மாளால் தனியாக முடியாது. பூமிநாதன் அண்ணன் தினமும் வந்து தோள் கொடுத்தார்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் வாத்தியார் ஒன்றையே சொன்னார்: "பூமி கத்தாம இருந்திருக்க மாட்டான். எனக்குத்தான் காதுல விழல. என் தப்பு." பங்குச்சாமியாரிடமும் அதைத்தான் சொன்னார். பூமிநாதன் அண்ணன் பக்கத்திலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் வாத்தியார் வீட்டு வாசலில் பூமிநாதன் அண்ணனை மறித்தேன். "நீங்க கத்தலண்ணே. கத்தியிருந்தா நான் அதைத் திருப்பிக் கத்தியிருப்பேன்ல?"

அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு தெரியல தாயி" என்று ஆரம்பித்து, முழுவதையும் சொல்லி முடித்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? உள்ள போயி அவருகிட்டச் சொல்லுங்க."

போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து வாத்தியாரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, அன்னிக்கு நான் கத்தல. குழி எனக்குத் தெரியல."

"வெயில் கூசியிருக்கும் மாப்ள. அதுக்கென்ன?"

"வெயில் இல்ல. ஒரு வருசமாவே எனக்கு ரோடு தெரியல."

வியாகுலம்மாள் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நான் உன் சக்கரத்தைத் தவிர வேற எதையும் பாத்ததில்லடா" என்றார் வாத்தியார். பிறகு கண்ணைத் தாழ்த்தித் தன் கையைப் பார்த்தார். பிடித்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. "கையை விடு."

பூமிநாதன் அண்ணன் விட்டார்.

"வியாகுலம், என்னைய அங்குட்டுச் சுவத்தைப் பாக்கத் திருப்பி விடு."

வியாகுலம்மாள் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்தார். தினமும் செய்கிற பழக்கத்தில் பூமிநாதன் அண்ணனும் எழுந்து தோளுக்குக் கை கொடுத்தார்.

"நீ வேணாம்" என்றார் வாத்தியார்.

நான் போய்த் தோளைப் பிடித்தேன்.