எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தவர்

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்த சிற்றம்பலம் அண்ணை, 2006ஆம் ஆண்டு ஒரு சீனருக்கு மரண அறிவித்தல் கொடுத்தார். ஐரோப்பாவில் நம்மவர் யாராவது கண்ணை மூடினால் தமிழ் வானொலியில் அறிவித்தல் போகும். எந்த ஊர் பிறப்பிடம், எந்த நகரம் வதிவிடம், யாருடைய மகன், யாருடைய மைத்துனர் என்று வரிசையாக வாசிப்பார்கள். சீனருக்கு அப்படி ஒருவரும் கொடுத்ததில்லை. அண்ணைக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் அங்கே இருந்தேன். அவருடைய மனைவி சந்திரகாந்தி அக்கா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அண்ணை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"காலமானவரின்ரை பேர்?" என்று அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள்.

"கெங் பாவ்லின்."

"பிறப்பிடம்?"

"சீனா. வதிவிடமும் அதுதான், பிள்ளை."

"உங்களுக்கு என்ன முறை, ஐயா? முறை போடாமல் வாசிக்கேலாது."

"முறை ஒண்டும் இல்லை. எங்கடை வீட்டிலை தண்ணி குடிச்சவர். அப்பிடியே எழுதுங்கோ. அவர் செத்து முப்பத்தோராம் நாள் மத்தியானம் எங்கடை வீட்டிலை சாப்பாடு. எல்லாரையும் வரச் சொல்லுங்கோ."

அக்கா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணையைப் பார்த்தார். அவரைத் திகைக்க வைத்தது சீனர் இல்லை, சாப்பாடு. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருந்த இருபது வருடங்களில் அவர்கள் ஊர் ஆட்களை ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அழைத்ததில்லை. அழைத்தால் வரமாட்டார்கள், வந்தாலும் சாப்பிடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அண்ணை பிறந்தது, யாழ்ப்பாணத்தில் ஊர்க் கிணற்றில் அள்ள விடாத சாதியில். விமானம் ஏறி வந்த சனம் சட்டிபானைகளை விட்டுவிட்டு வந்தது, இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தது. நான் மன்னார் வேதக்காரி, கத்தோலிக்கப் பெண். எங்கள் மாதா கோயிலில் உட்காரும் வாங்குகள் சாதிவாரியாக எப்படிப் பிரிந்து கிடந்தன என்பதும் எனக்குத் தெரியும், ஆகவே நான் யாரையும் விட மேலானவள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் சாப்பிடுவேன். அக்காவின் மீன்குழம்பை விட்டுவைக்க நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை.

கெங் பாவ்லின் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் படகு இழுக்கும் கூலிக்காரரின் மகன். பதினாறு வயதில் கட்சியில் சேர்ந்து, இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்று, மெல்ல மெல்ல மேலே வந்தவர். 1966இன் தொடக்கத்தில், முப்பத்துமூன்று வயதில், ஒரு தூதுக்குழுவின் கடைசி ஆளாக இலங்கைக்கு வந்தார். அப்போது இலங்கைக் கம்யூனிஸ்டுகள் மொஸ்கோ பக்கம், பீக்கிங் பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். வடக்கில் தேநீர்க் கடைகளையும் கோயில்களையும் எல்லாச் சாதிக்கும் திறந்துவிடச் சொல்லிப் பீக்கிங் பக்கத்தார் அடிவாங்கிக்கொண்டிருந்த காலம் அது. சிற்றம்பலம் அண்ணை அவர்களோடு நின்ற இளந்தாரி, கல் உடைக்கிற தொழிலாளி.

கட்சி அந்தச் சீனரை அவருடைய குடிசைக்குக் கூட்டிவந்தது. கூட்டிவந்தவர் கனகலிங்கம் என்ற தோழர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவர்களுக்கு முன்னமே ஒரு பெட்டி சோடா வந்து முற்றத்தில் இறங்கியது. தோழர்கள் சாதி பார்க்காதவர்கள். அதாவது, மூடி உடைக்காத சோடா குடிக்கிற அளவுக்குப் பார்க்காதவர்கள்.

எல்லோரும் சோடா குடித்தார்கள். கெங் மட்டும் தன் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த மண்பானையைக் காட்டினார். அண்ணையின் தாய் விறைத்துப்போய் நின்றாராம். பிறகு பேணியில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். கெங் அதை வாய் வைத்து முழுவதும் குடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. இந்த இவ்வளவுக்காகத்தான் சிற்றம்பலம் அண்ணை சாகும்வரை கம்யூனிஸ்டாக இருந்தார். மற்றதெல்லாம் அவருக்குப் பிறகு படித்த பாடம்.

திரும்பிப் போன அதே வருடம் கலாசாரப் புரட்சி வந்தது. வெளிநாடு போய்ச் சொகுசாக விருந்துண்டவர் என்று கெங்கின் தலையில் கடதாசித் தொப்பி மாட்டித் தெருவில் நடத்தினார்கள். பன்றிப் பண்ணைக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே இருந்தபோதே மனைவி இறந்துபோனார். யாழ்ப்பாணத்துக் கட்சிக்கும் செய்தி வந்தது. கனகலிங்கம் வந்து, அன்று எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த கெங்கின் படத்தைக் கழற்றச் சொன்னார்.

"அவர் துரோகியாம், தோழர். பீக்கிங்கிலையே சொல்லிப்போட்டினம்."

"இருக்கட்டும். எங்கடை வீட்டிலை தண்ணி குடிச்சவர். நான் கழட்டமாட்டன்."

படத்துக்குப் பதிலாக அண்ணையைக் கட்சிக் கிளையிலிருந்து கழற்றினார்கள்.

மாவோ இறந்த பிறகு கெங்குக்கு மீண்டும் பதவி கிடைத்தது. படிப்படியாக ஏறி மாகாணத்தின் கட்சிச் செயலாளரும் ஆனார். அண்ணை அதற்குள் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆயுள் முழுக்கக் கனவு கண்ட சோஷலிச மண்ணில் விமானத்தால் இறங்கி, அன்றைக்கே ரயிலேறி முதலாளித்துவத்துக்குள் ஓடிவந்ததைச் சொல்லித் தானே சிரிப்பார். இங்கே ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினார். பீஜிங் வானொலியின் தமிழ்ச் சேவையை விடாமல் கேட்டார். அதில் எப்போதாவது கெங்கின் பெயர் வந்தால் அன்று முழுவதும் முகம் மலர்ந்திருக்கும். கெங் இறந்த செய்தியையும் அதில்தான் கேட்டார்.

அந்த உணவகத்துச் சமையற்காரர் ஹூ, கெங்கின் மாகாணத்து ஆள். அவருக்குக் கெங்கின் பெயரே ஆகாது. கெங் மூடிய பஞ்சாலைகளில் ஒன்றில்தான் ஹூவின் தாய் வேலை செய்தாராம். ஆயிரக்கணக்கான சனத்தோடு அவரும் தெருவுக்கு வந்தார். அண்ணை அதை என்னிடம் வந்து சொன்னார். கெங் நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்டபோது, "ரெண்டும்தான், பிள்ளை. ஹூவின்ரை தாய்க்கு நான் என்ன மறுமொழி சொல்ல?" என்றார். ஆனால் தண்ணீர்க் கதையைக் கேட்டதும் ஹூ நம்ப மறுத்தாராம். கொதிக்க வைக்காத தண்ணீரைத் தங்கள் ஊரில் ஒருவரும் தொடமாட்டார்கள், அதிலும் வெளிநாடு போகும் அதிகாரிக்கு அது கடும் தடை என்றார். கெங் பயந்து பயந்துதான் குடித்திருப்பார் என்று அண்ணைக்கு அன்றுதான் தெரிந்தது. என்னிடம் இதைச் சொல்லும்போது அண்ணையின் கண் கலங்கியது.

அறிவித்தல் மூன்று நாள் வானொலியில் போனது. "அன்னார் சிற்றம்பலம் இல்லத்தில் தண்ணீர் அருந்தியவரும் ஆவார்" என்று வாசித்தார்கள். வெளியூர்க்காரர் சிரித்திருக்கலாம். எங்கள் ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

முதல் ஆளாகக் கனகலிங்கம் தொலைபேசி எடுத்தார். அவர் இப்போது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கட்சியைக் கைவிட்டுக் கனகாலம். "வீட்டிலை இடம் காணாது, சிற்றம்பலம். சங்க மண்டபத்திலை வைப்பம். சாப்பாட்டைக் கடையிலை ஓடர் பண்ணுவம்," என்றார்.

"இடம் காணும், கனகலிங்கம். சந்திரகாந்தி சமைப்பா," என்று சொல்லி அண்ணை வைத்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து அக்காவோடு நானும் குசினியில் நின்றேன். சோறு, மரக்கறி, வடை, பாயசம். அண்ணை வரவேற்பறையில் கெங்கின் பழைய படத்தை வைத்து, அதன் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பது எங்கள் வழக்கம், கெங்குக்கு வேறு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. பிறகு தற்செயலாகப் பல்கனிக் கதவைத் திறந்தவர், அங்கே இரண்டு பெட்டி சோடாவைக் கண்டார்.

"இஞ்சேரும், இதை ஏன் வாங்கினனீர்?"

"வாற ஆக்களை வெறும் வாயோடை அனுப்பேலுமே? அவை எதைக் குடிப்பினம் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

அண்ணை கதவை மூடினார். போய்க் கதிரையில் இருந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சனம் வந்தது. நான் நினைத்ததை விட அதிகமாகவே வந்தது. ஒருவருக்கு விரதம், ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு மூன்று மணிக்கு டெர்மின், அதுதான் அலுவலகத்தில் சந்திப்பு நேரம். ஞாயிற்றுக்கிழமையில் எந்த அலுவலகம் டெர்மின் கொடுக்கிறதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம்! எல்லோரும் சோடாவை வாங்கித் தாங்களே மூடியை உடைத்துக் குடித்தார்கள். ஹூ மட்டும் எங்களைப் போலவே கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். கெங்குக்காக வரவில்லை, சிற்றம்பலத்துக்காக வந்தேன் என்று என்னிடம் சொன்னார்.

கனகலிங்கம் பேச எழுந்தார். அவர் நல்ல பேச்சாளர், அதில் குறை சொல்ல முடியாது. அந்த நாளைக் கண்முன் கொண்டுவந்தார். குடிசை, பானை, பேணி, எல்லாம் வந்தது. "சோடாவை ஒதுக்கிப்போட்டு அந்தப் பெரிய மனிசன் தண்ணி கேட்டார்," என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கையில் சோடாப் போத்தல் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அறுபத்தைந்து வயது மனிதர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்போது சந்திரகாந்தி அக்கா குசினி வாசலிலிருந்து கேட்டார். "கனகலிங்கம் அண்ணை, தண்ணி தரட்டே?"

இல்லை என்று கனகலிங்கம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அக்கா அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பார். அண்ணை கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"தாங்கோ, அக்கா," என்றார் கனகலிங்கம். வாங்கி, நின்றபடியே குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. பிறகு ஹூவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார், அக்கா அவருக்குச் சோறு போட்டார். பாதிப்பேர் அன்றும் சாப்பிடாமல்தான் போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லோரும் போனபின் அக்கா குசினியில் சட்டியைக் கழுவிக்கொண்டே அழுதார். "அந்தாள் குடிச்சது எனக்குப் பெரிசில்லை, வெரோனிக்கா. நான் வாய் திறந்து கேட்டுப்போட்டன். கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒருத்தரிட்டையும் நான் கேட்டதில்லை," என்றார்.

சிற்றம்பலம் அண்ணை 2009இல், ஊரில் போர் முடிந்த சில மாதங்களில், மாரடைப்பால் இறந்தார். அவருடைய அறிவித்தலைக் கனகலிங்கம்தான் எழுதிக் கொடுத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாடு அதே வீட்டில். சமையலுக்குச் சாமான் வாங்க நானும் அக்காவும் கடைக்குப் போனோம். சோடா அடுக்கியிருந்த இடம் வந்ததும் நான் வண்டிலை நிறுத்தி அவரைப் பார்த்தேன். அக்கா நிற்காமல் அரிசிப் பக்கம் நடந்தார்.