முழங்கைக்கு ஒரு ராட்டினம்

மனிதக் கையை டிசைன் பண்ணியவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே சாம்பார் சாதத்தை உருட்டி என் வாய்க்குள் தள்ளினார். பதில் சொல்ல வாயில் இடமில்லை. ஊட்டிவிடுகிற ஆளிடம் சண்டை போட முடியாது என்பதை அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டேன். நறுக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிக்கு வரும், அதற்குள் அடுத்த உருண்டை வந்துவிடும்.

எல்லாம் முருங்கைக்காயால் வந்த வினை. நெய்வேலி குவார்ட்டர்ஸில் வீடு கைக்குட்டை அளவு, தோட்டம் மட்டும் பெரிது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு முருங்கை நின்றது. அவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்த நேரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, ஒரு காயில் துரட்டியை மாட்டி இழுத்தேன். வரவில்லை. எனக்கு எதுவும் சொன்ன பேச்சு கேட்காவிட்டால் கோபம் வரும், அது முருங்கைக்காயாக இருந்தாலும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். காய், கிளை, ஸ்டூல், நான் எல்லோரும் ஒன்றாகக் கீழே வந்தோம். வலது முழங்கையில் எலும்பு முறிந்துவிட்டது. ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டுக்காரி, போகும்போது அந்தக் காயைப் பொறுக்கிக்கொண்டு போனாள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை செங்கோணமாக நின்றது, கைப்பையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியவள் மாதிரி. விரல்கள் ஆடின. மணிக்கட்டு சுழன்றது. தோள் ஏறி இறங்கியது. நடுவில் இந்த ஒரு மூட்டு மட்டும் ஸ்டிரைக் செய்தது. சோற்றைப் பிசைவேன், உருட்டுவேன், தூக்குவேன். உருண்டை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிடும். அங்கிருந்து வாய்க்கு ஒரு ஜாண் தூரம்.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி மூட்டைப் பழக்க வேண்டியதுதான் என்று டாக்டர் என்னை பிசியோதெரபி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார். வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். பூசி மெழுகத் தெரியாத பெண். வருகிற சில மாதத்தில் கை எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுதான், அதற்குப் பிறகு உள்ளே எல்லாம் இறுகி அப்படியே நின்றுவிடும் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மீதி ஆயுசு முழுக்க இன்னொருவர் கை வரும் வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா?

இடது கை இருக்கிறதே என்பீர்கள். அவர் ஷிஃப்டுக்குப் போனதும் முன்கதவைச் சாத்திவிட்டு, இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தின்னத்தான் செய்தேன். ரசம் சாதத்தில் பாதி நைட்டிக்குப் போனது. ஆனால் நாலு பேர் நடுவில் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் தின்ன முடியுமா? அப்படித் தின்கிறவர்களை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். நானே பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஃபிட்டர். மண்ணை வாரும் ராட்சத மெஷின்களும் மைல் கணக்கில் ஓடும் கன்வேயர்களும் எங்கே மக்கர் செய்தாலும் இவரும் இவர் கூட்டாளிகளும் போய் நிற்பார்கள். என்னைப் பார்க்க இரண்டு கூட்டாளிகள் ஆப்பிளோடு வந்தார்கள். நலம் விசாரித்து முடித்த கையோடு மூவரும் என் முழங்கையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ஜாம் ஆகியிருக்கிறது என்றார். இன்னொருவர் கிரீஸ் காய்ந்திருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்தே பார்த்தார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்வேயரிடம் யார் கேட்கிறார்கள்?

எங்கள் பிளாக்கில் அப்போதுதான் எல்லார் போனிலும் வாட்ஸ்அப் வந்திருந்தது. ஆப்பிள் கொண்டுவந்தவர்களில் ஒருவர், தோலை உரித்த கையின் படம் ஒன்றை அனுப்பிவைத்தார். மேல்கையின் முன்பக்கத்துத் தசை கீழே இறங்கி எங்கே போய் ஒட்டியிருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. முழங்கையைத் தாண்டியதும், உடனே, மூட்டுக்கு ஒட்டினாற்போல. அதைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ராத்தூக்கம் போய்விட்டது.

அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. இறுகிப்போன நட்டு கழலவில்லை என்றால், ஸ்பேனரின் கைப்பிடியில் நீளமாக ஒரு பைப்பைச் சொருகி, அதன் நுனியைப் பிடித்து அமுக்குவார்கள். எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ அவ்வளவு பலம் மிச்சம். சர்வீஸ் முழுக்க அவர் கும்பிட்ட சாமி அதுதான். தசையோ ஸ்பேனரை நட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு முக்கும் புது ஹெல்ப்பர் மாதிரி வேலை பார்க்கிறது.

“ஒரு சொம்பத் தூக்க பத்து சொம்பு பலத்தப் போட்டுகினு கெடக்குது. மணிக்கட்டாண்ட மாட்டியிருந்தா எவ்ளோ ஈசி! நான் மாட்டுறேன் பாரு” என்றார்.

மாட்டினார். வீக்லி ஆஃப் அன்றைக்கு வடலூர் போய், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இரும்பு ராட்டினம் ஒன்றும் நைலான் கயிறும் வாங்கிவந்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள நிலைக்கு மேலே கொக்கி அடித்து ராட்டினம் தொங்கவிடப்பட்டது. நேர் கீழே நாற்காலி, நாற்காலியில் நான். என் மேல்கையை நாற்காலி முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டினார். கயிற்றின் ஒரு முனை என் மணிக்கட்டில், மறுமுனையில் மணல் போட்ட மஞ்சள் பை. பை கீழே இறங்கினால் என் கை மேலே ஏற வேண்டும். கூட்டாளிகள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் ஏன் சம்மதித்தேன் என்றால், பயம். ஒரு ஜாணுக்காக நான் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், முகம்கூடக் கழுவாமல் பையில் இன்னும் ஒரு கை மணல் போடுவார். எனக்கு உயிர் போகும். ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர், நான் கட்டிப்போடப்பட்டுக் கண்ணில் நீரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் மணல் டப்பாவோடு நின்ற என் வீட்டுக்காரரையும் பார்த்தார். சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் முழங்கை பன்னாகப் பொங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சியால் கழுத்துச் செயின் வரைக்கும் ஏறியிருந்த கை மறுபடியும் நெஞ்சுக்கே இறங்கிவிட்டது. அவளிடம் போய் நின்றோம். வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் ராட்டினத்தின் பெருமையை விவரிக்கத் தொடங்கினார். தசையை ஒட்டவைத்த இடமே தப்பு என்று படத்தையும் எடுத்துக் காட்டினார்.

அவள் திட்டவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைப் பாதி திறந்துவைத்து, கீல் பக்கத்தில் விரலை வைத்துத் தள்ளச் சொன்னாள். தள்ளினார். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் விரல் துளி நகர்ந்ததற்கு, கதவின் மறு ஓரம் விசுக்கென்று சுவர் வரைக்கும் போனது. கையும் இப்படித்தான் அங்கிள் என்றாள். தசை கொஞ்சம் சுருங்கினால் போதும், கை தட்டிலிருந்து வாய்க்கு வந்துவிடும். மணிக்கட்டில் ஒட்டவைத்தால் பலம் மிச்சம்தான், ஆனால் கை அதே தூரம் வர, தசை கை நீளத்துக்குச் சுருங்க வேண்டும். அவ்வளவு சுருங்குகிற சதை எந்த உடம்பிலும் கிடையாது. மேல்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் வௌவால் இறக்கை மாதிரி சதை வேறு தொங்கும், சட்டை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டாள். பலத்தைக் கொடுத்து வீச்சை வாங்கியிருக்கிறது உடம்பு. அவர் கதவை இன்னும் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார்.

பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். தசைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். அதனால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஜோடியாக இருக்கிறது. முன்னது இழுத்தால் மடங்கும், பின்னது இழுத்தால் நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து எவனோ வெடுக்கென்று இழுத்தால், பிய்ந்துவிடும் என்ற பயத்தில் அது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

“நீங்க ஆன்ட்டிக்கு எக்சர்சைஸ் குடுக்கல அங்கிள். அவங்க பின்தசைகூட கயிறு இழுக்கற போட்டி வெச்சிருக்கீங்க” என்றாள். காயம் பட்ட முழங்கையை இப்படி முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே சதையிலேயே எலும்பு கட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எந்த ராட்டினமும் உதவாது என்றாள். எண்ணெய் போட்டு நீவுவது கூடாது. இழுப்பது கூடாது. அங்கிள் அந்தக் கையைத் தொடவே கூடாது.

வீட்டுக்கு வருகிற வரைக்கும் பொறுத்தேன். செருப்பைக் கழற்றியதும் வெடித்துவிட்டேன். “ஷட்டவுன்ல பிரிச்சுப் போடறதுக்கு நான் என்ன உங்க மெஷினாங்க? இது என் கை. போனா எனக்குத்தான் போகும்.”

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி ராட்டினத்தைக் கழற்றினார். இறங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “வூட்ல நீ தட்ட பாத்துகினே உக்காந்திருக்கிற. என்னால பாக்க முடியலம்மா. எனக்குத் தெரிஞ்சது கழட்டறதும் மாட்டறதும்தான். சும்மா இருக்கத் தெரியல.”

எனக்கு அவர் மேலிருந்த கோபம் தீரவில்லை. ஆனால் அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவது எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் மேஜையைத் துடைத்தேன், தலையணையைத் தட்டினேன், சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கையை நானாக மடக்கி நானாக நீட்டினேன். அவர் எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு பார்ப்பார். நட்டு இறுகிக் கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அவர் சர்வீஸில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். வீக்கம் வடிந்தது. கை செயினைத் தாண்டியது, தாடைக்கு வந்தது, அங்கே நின்றது. படுக்கவைத்து அந்தப் பெண் தாங்கிப் பிடித்தால் இன்னும் மேலே போனது. உட்கார்ந்து சோற்றை எடுத்தால் போகவில்லை.

“மூட்டு வந்துடுச்சு ஆன்ட்டி. பயம்தான் பாக்கி. வலிக்கும்னு நீங்க நினைக்கறதுக்குள்ள பின்தசை புடிச்சுக்குது” என்றாள். நினைக்காமல் இரு என்று ஒருத்தியிடம் சொன்னால் அவள் வேறு எதை நினைப்பாள்? அந்தப் பெண் சொன்ன சில மாதக் கெடுவில் இன்னும் கொஞ்ச நாள்தான் மிச்சமிருந்தது. தாடையோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் நினைத்துக்கொண்டேன். ஊட்டிவிடுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூர் மீன் கொண்டுவருகிறவரிடம் மத்தி வாங்கினார். குழம்பை நான் நின்று சொல்லச் சொல்ல அவரே வைத்தார். தட்டில் போட்டு, முள்ளெடுத்து, உருட்டி, வழக்கம்போல் சுரங்கத்து அளவில் ஒரு உருண்டையை என் வாயில் அடைத்தார். கன்வேயர் பெல்ட்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு மத்தியில் முள் தெரியாது. நடு உருண்டையில் நீளமாக ஒன்று, என் அடிநாக்கில் குத்திக்கொண்டு நின்றது.

விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண் பிதுங்கியது. அவரைத் திட்டுவதற்கு உலகத்திலுள்ள அத்தனை வார்த்தையும் தொண்டைக்கு வந்து முள்ளுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, முள்ளைப் பிடித்து, வெளியே எடுத்தேன். தட்டின் ஓரத்தில் போட்டேன். திட்ட வாயைத் திறந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். வலது கை. விரல் நுனியில் எச்சிலும் குழம்பும்.

அவர் கை என் முழங்கையைத் தொட வந்தது, பாதி வழியில் நின்றது, திரும்பிப் போய்த் தொடைக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் மெதுவாக, வேண்டுமென்றே, வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோனேன். வலித்தது. ஆனால் உதட்டைத் தொட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கையும் கண்ணையும் துடைக்க அதே கையைத்தான் தூக்கினேன். மீன் குழம்பு கண்ணில் பட்டு இன்னும் அழுதேன்.

“அன்னிக்கி ராட்டினத்துல கொஞ்சம் லூஸ் ஆனதுதான்...” என்று அவர் தொடங்கினார்.

தட்டை என் பக்கம் இழுத்தேன். சோற்றைப் பிசைந்து, ஒரு முழு மத்தியை வைத்து, அவர் அளவிலேயே ஒரு உருண்டை உருட்டினேன். இப்போது மடக்குவதற்கு இல்லை, நீட்டுவதற்கு. பின்தசையின் வேலை. கை நீண்டது, அவர் வாய் வரைக்கும் போனது. அவர் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் உள்ளே திணித்தேன்.

முள் எடுக்கவில்லை.