சிவப்புத் துணி கட்டிய மூங்கில்

என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு நீண்ட மூங்கில் படுத்திருக்கிறது. அது எங்கள் ஊராட்சியில் இருந்த ஓவர்சியருடையது. வத்தல்மலையில் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் பள்ளத்தாக்கு முழுக்கக் கண்ணில் விழும். அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அதனால் சாலைக்குக் கீழ்ப்புறம் எழும் எந்தக் கட்டடமும் சாலையோரச் சுவருக்கு மேல் தலைகாட்டக் கூடாது என்று ஊராட்சியில் விதி போட்டிருந்தார்கள். கட்டப்போகிற உயரத்தில் மூங்கிலில் சிவப்புத் துணியைக் கட்டி, மனையில் நிறுத்தச் சொல்வார் ஓவர்சியர். நிறுத்தத்தில் நின்று பார்ப்பார். துணி தெரிந்தால் அனுமதி கிடையாது.

எனக்கோ சாலைக்குக் கீழே இருந்த என் மனையில் மாடி கட்டி, மூன்று அறை போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு விட வேண்டும் என்று வெறி. அவர் வருவதற்கு முன்பே இரண்டடிக் குழி தோண்டி, கொடுத்தனுப்பியிருந்த மூங்கிலை அதில் இறக்கிவிட்டேன். துணி சுவருக்குக் கீழே சமர்த்தாக ஒளிந்துகொண்டது. ஓவர்சியர் தலையாட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் மனுஷர் படியிறங்கி வந்து மூங்கிலின் அடியைப் பார்த்தார்.

“என்னங்க, இப்ப நட்ட மூங்கிலு அதுக்குள்ள வேர் வுட்டுருச்சுங்களா?”

கோபமே இல்லை. என் மனைவி கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்தார்.

“மேல ரூம்புல நாலு பேரு பாப்பாங்க. பஸ்ஸுல வர்றவங்க எதைங்க பாப்பாங்க? உங்க வூட்டுத் தண்ணித் தொட்டியவா?”

தரைத்தளத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அதற்குள் சுவரோரம் நின்று பார்க்கிறவர்கள் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க இறங்கி வந்து, தங்கிப் போகத் தொடங்கியிருந்தார்கள். மாற்றலாகிப் போகும்போது மூங்கிலை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். “இதுல இருக்கற தில்லுமுல்லு உங்களுக்குத்தானுங்க தெரியும்” என்று சிரித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன். போன வருடம் இறந்துபோனார் என்று கேள்விப்பட்ட அன்று சோறு இறங்கவில்லை.

போன வாரம் பக்கத்து மனைக்காரர் மாடி எழுப்ப மூங்கிலைக் கேட்டு வாங்கிப்போனார். புதிதாக வந்திருக்கும் அதிகாரி நிறுத்தத்தில் நின்று, துணி தெரியவில்லை என்று பேனாவை எடுத்தார்.

“ஒரு நிமிஷமுங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். மூங்கிலின் அடியில் புதுமண்.

“வேர் வுட்டுருச்சுங்களா?” என்றேன். பக்கத்து மனைக்காரர் அசடு வழியச் சிரித்தார்.

மூங்கிலைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, சமதரையில் நிமிர்த்திப் பிடித்தேன்.

“இப்பத் தெரியுதுங்க!” என்று மேலேயிருந்து குரல் வந்தது.