அமுதா அக்காவின் விசாவும் நான் அழித்த மின்னஞ்சலும்

அமுதா அக்கா தன் தாயை உயிரோடு பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்...

நான் தொழில் தெரியாதவன் அல்லன்! வடசென்னையில், காலடிப்பேட்டையில் பல வருடங்களாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். எர்ணாவூரிலிருந்துகூட என்னைத் தேடி வருவார்கள். இன்றைக்கும் ஒரு படிவத்தை என்னைப்போல் மளமளவென்று நிரப்ப இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்களில் பலருக்கு மின்னஞ்சல் இருக்காது. இருந்தாலும் பாஸ்வேர்டு மறந்திருக்கும். ஆகவே யாருடைய விண்ணப்பமானாலும் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுவேன்.

என் நண்பன் மூர்த்தி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அவனுடைய அக்காதான் அமுதா. கல்யாணமாகி நெதர்லாந்து போய், அந்நாட்டுக் குடிமகளாகவே ஆகிவிட்டார். பிறந்த ஊருக்கு வருவதென்றாலும் இணையத்தில் விசாவுக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே விமானம் ஏற முடியும். முன்பு இரண்டு முறையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். சிக்கலின்றிக் கிடைத்தது.

மூன்றாம் முறை மூர்த்தி ஓடிவந்தான். "அம்மாவுக்கு ரொம்ப முடியல மாமு. டாக்டர் ஒரு வாரம்தான்னு சொல்லிட்டாரு. அக்கா வந்தே ஆவணும்."

"நான் கீறேன்ல? அக்காவ டிக்கெட் எடுக்கச் சொல்லு!" என்றேன்.

அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாஸ்போர்ட் படம் சற்று மங்கலாக இருந்தது. வேறு படம் கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை. இது போதும் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளே மின்னஞ்சல் வந்துவிட்டது. படம் தெளிவாக இல்லை, மீண்டும் பதிவேற்றுங்கள் என்று... அக்காவுக்கு அல்ல, எனக்கு! கல்லூரி விண்ணப்பங்கள் குவிந்திருந்த நேரம். அது திறக்கப்படாமலே கிடந்தது. இரண்டு முறை மூர்த்தி வந்து கேட்டான். திறந்துகூடப் பார்க்காமல், "வந்துகினே கீது. ஏர்போர்ட்டு போறதுக்குள்ள கைல இருக்கும்" என்றேன்.

ஏன் பார்க்கவில்லை? சோம்பலா? இல்லை. என் கை தவறாது என்ற நினைப்பு. அகம்பாவம்தான், வேறென்ன!

ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்திலேயே அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூர்த்தி போனில் கத்திய பிறகுதான் அந்த மின்னஞ்சலைத் திறந்தேன். வந்து நான்கு நாள் ஆகியிருந்தது! உடனே அதை அழித்தேன். "போட்டோ தெளிவா இல்லன்னு இப்பத்தான் கேக்குறானுங்க. சைட்டு பேஜாரு பண்ணுது" என்று கூசாமல் சொன்னேன். அக்காவிடம் புதுப் படம் வாங்கி அனுப்பினேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது. அதற்கு முந்தைய நாளே அம்மா போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ மறுபடி போட்டோ கேட்டப்பவே புரிஞ்சிட்ச்சி தம்பி. அவசரத்துல நான்தான் ஒழுங்கா எடுக்கல. எங்கம்மா மூஞ்ச பாக்க முடியாம நானே பண்ணிக்கினேன். நீ இன்னா பண்ணுவ, பாவம்..."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா? நான் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாக்கா. கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

போன வாரம்கூட மூர்த்தி சொன்னான்: "அக்கா இன்னும் அந்த போட்டோவப் பத்தியே பேசிகினு கீது மாமு. தூக்கமே இல்லியாம்."

நான்கு நாள் தாமதம் என்னுடையது என்று ஒரு வரி எழுதினால் போதும். அக்காவின் எண் என் போனில் இருக்கிறது. இன்று காலையும் அதைத் திறந்தேன்... ஒன்றும் எழுதாமல் மூடிவிட்டு, அடுத்தவரின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டேன்.