ஏழாம் தடவையில் தெரிந்த டீக்கடைக் கண்ணாடி

போன வியாழக்கிழமை பத்மநாப சுவாமி கோயிலில் தரிசனம் முடிந்து வெளியே வரும்போது, ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆரியசாலையில் குடியிருப்பவர். இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிக்கிறவராம்.

"அக்கா, உங்க வீட்டுக்காரங்க மௌன விரதம் இருக்கதப் பத்தி எழுதியிருந்தீங்கல்லா... அதப் படிச்சிட்டு எங்க வீட்லயும் வியாழக்கிழமை விரதம் தொடங்கிட்டாங்க. வீடே கோயில் மாதிரி இருக்கு, கேட்டீங்களா."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உங்களில் பலருக்கு அந்தப் பத்தி ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரர் முதலில் ஏகாதசிக்கு மட்டும் மௌனம் இருந்தார், பிறகு வியாழன், பிறகு சனி என்று கூட்டிக்கொண்டே போகிறார், கடையைக்கூடத் தம்பியிடம் கொடுத்துவிட்டு பகவான் நாமத்தோடு உட்கார்ந்துவிட்டார் என்று பெருமையாக எழுதியிருந்தேன். எத்தனை கடிதங்கள் வந்தன.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்கே அப்போது தெரியாது. பிறகு எப்படித் தெரிந்தது? ஒரு சினிமாவால். அதுவும் ஏழாவது தடவை பார்த்த சினிமாவால்.

கோயில் வாசலில் நின்று சொல்லுகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படத்தின் பெயர் வேண்டாம். பழைய படம். ஒரு டிராயிங் வாத்தியார், அவருக்கு ஒரே மகள். மகள் நர்ஸ் வேலைக்கு வடக்கே போகிறேன் என்கிறாள், அப்பா வேண்டாம் என்கிறார். கடைசியில் மகள் கிளம்பியே விடுகிறாள். ஸ்டேஷனுக்கு அப்பா வருகிறார். ஆனால் ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடையைப் பார்த்து நிற்கிறார். வண்டி நகர்கிறது, மகள் ஜன்னல் வழியாக அழுகிறாள், வயலின் அழுகிறது, தியேட்டரே அழுகிறது. அவ்வளவுதான் கதை.

கல்யாணமான புதிதில் தம்பானூரில் ஒரு தியேட்டரில் முதல் தடவை பார்த்தோம். நான் பார்த்தது கதாநாயகியின் சேலைகளை. இரண்டாவது தடவை பார்த்தபோது என் மகள் கோமதி வயிற்றில் இருந்தாள். அப்போது கண்ணில் பட்டதெல்லாம் வாத்தியாரின் மனைவி, அந்த அம்மாதான். பெண்ணுக்குக் கொடுத்தனுப்ப மருந்துக் குப்பியில் ஊறுகாய் அடைக்கிறாள், மூடி சரியாகப் பொருந்தாமல் துணி சுற்றிக் கட்டுகிறாள். முதல் தடவை இதெல்லாம் எங்கே இருந்தது?

மூன்றாவது தடவையிலிருந்து டிவியில். வாத்தியாரின் குடையில் பாதிப் படத்துக்கு மேல் ஒரு ஒட்டு இருக்கிறது. அந்தத் துணி, மகள் சின்ன வயதில் போட்டிருந்த பள்ளிப் பாவாடைத் துணி. படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்னொரு தடவை, ஊருக்கெல்லாம் சிரித்துக்கொண்டே கடிதம் கொடுக்கிற ஒரு தபால்காரருக்கு மட்டும் படம் முடிகிறவரை ஒரு கடிதம்கூட வரவில்லை என்று கண்டுபிடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தத் தபால்காரருக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன்... சிரிக்காதீர்கள்.

எங்கள் சுவாமியை ஒரே பார்வையில் யாரும் பார்த்துவிட முடியாது. படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் காட்சி. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக் கமலம், மூன்றாவது வாசலில் பாதம். பின்னால் இருப்பவர்கள் நெருக்கும்போது ஒரு வாசல் எப்படியும் விட்டுப்போகும். அதற்காகவே அடுத்த நாளும் போகிறோம். நல்ல படங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சுவாமியையும் சினிமாவையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாளே என்று கோபிக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு தாண்டாதவள் நான். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே சொல்ல முடியும்?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை திருச்சூர்க்காரர், மலையாளி, அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. என் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கம் ஒரு வரன் பேசி வைத்திருந்தார். ஆறு மாதம் பிடிவாதம் பிடித்துவிட்டு, கடைசியில் சம்மதித்து, தாரை வார்த்தும் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு மகளோடு பேச்சு இல்லை. பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் கூப்பிடுவாள். ஆரம்பத்தில், "அம்மைகிட்ட குடுக்கேன்" என்று போனை என் கையில் திணிப்பார். பிறகு சனிக்கிழமையும் மௌன விரதமாகிவிட்டது.

இந்த மாசி பிறந்தபோது கோமதிக்கு ஏழாம் மாதம். தலைப் பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். அப்பா தன் வாயால் அழைக்க வேண்டும். நான் இவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினார். அழைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படம் டிவியில் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் கோமதி கூப்பிட்டாள். டிவி சத்தத்தை ரிமோட்டில் அடக்கிவிட்டு, போனோடு அடுக்களைக்குப் போனேன்.

"அம்மா, உள்ளதச் சொல்லு. அப்பாக்கு நான் வரதுல இஷ்டம் உண்டா இல்லையா?"

"என்ன மக்கா இப்படிக் கேக்க. உன் வீடுல்லா."

"கல்யாணம் முடிஞ்சு ரயில் ஏத்த வந்தப்பவே அப்பா திரும்பிப் பாக்கல. முதுகைக் காட்டிட்டு நின்னாங்க. நான் கூப்பிடுற நாளாப் பாத்து விரதம் இருக்காங்க. அப்பா ஒரு வார்த்தை 'வா'ன்னு சொல்லட்டும், வாரேன். இல்லேன்னா இங்கயே ஆஸ்பத்திரில பாத்துக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இவர் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். தபால்காரர் வழுக்கி விழுகிற இடம் அது. ஒரு மனிதருக்கு இவ்வளவு கல் மனசா?

படம் ஓடியது. ஸ்டேஷன் காட்சி வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்களுக்குப் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கிறது. வாத்தியார் பார்த்துக்கொண்டு நிற்பது டீக்கடையை இல்லை. அந்தக் கண்ணாடியை. அதில் ரயில் தெரிகிறது, ஜன்னலோரம் மகள் தெரிகிறாள், அவர் முகமும் தெரிகிறது. உதடு வேறு அசைகிறது. ஆறு தடவை பார்த்தும் எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது? வயலின்தான் காரணம். வயலின் எந்தப் பக்கம் அழுகிறதோ அந்தப் பக்கம்தானே நாமும் பார்ப்போம்.

வயலின்... இன்றைக்கு வயலினே கேட்கவில்லையே.

நான் அடக்கிய சத்தத்தைத் திரும்ப வைக்கவே இல்லை. அரை மணி நேரமாகப் படம் ஊமையாக ஓடுகிறது. திரும்பிப் பார்த்தேன். இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், அழ வேண்டிய இடத்தில் அழுகிறார். சத்தம் வரவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். ரிமோட்டைக் காட்டி, டிவியைக் காட்டி, என் காதைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தன நாளா?" பேசினால் எப்போதும் அவர் திருப்பிக் காட்டுகிற வலது காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டேன்.

"கோமதி கல்யாணத்துக்கு முன்னயே தொடங்கிட்டு. தாலி கட்டும்போ நாகஸ்வரம் அடுத்த தெருவுல வாசிக்க மாதிரி இருந்துச்சு."

"டாக்டர்ட்ட போயிருக்கலாம்லா?"

"எங்க அய்யாவ சாலைக் கடைத்தெருவுல 'செவிட்டு மொதலாளி'ன்னுதான் சொல்லுவானுவ. முன்னால கும்பிடுவானுவ, பின்னால சிரிப்பானுவ. எனக்கு அது வேண்டாம்."

அன்றைக்கு நான் பார்த்தது ஒரு படம் இல்லை, இரண்டு படம். என் வீட்டுக்குள் ஓடிய இரண்டு வருஷத்தையும் முதலிலிருந்து திரும்பப் பார்த்தேன். கடையைத் தம்பியிடம் கொடுத்தது பக்தியால் இல்லை. புதுப் படமே பிடிக்காது என்று சொன்னது ரசனையால் இல்லை. மனப்பாடமான படங்களை மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். மூன்று தடவை தலையாட்டினாரே... நான் சொன்னது ஒன்றும் விழவில்லை, ஆட்டி வைத்தார். விரத நாளில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். அதுதான் விரதம். செவிட்டைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு விழுந்து கும்பிடுகிற தப்பை என்னைப் போன்றவளைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

கோமதி சொன்னதை அதே காதில் சத்தமாகச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் கூப்பிடலன்னா பிள்ள வராம இருக்கு? போனை எடு."

"அதுக்கு முன்ன ஒண்ணு," என்று அவரே என்னை நிறுத்தினார். "காது விஷயம் அவகிட்டச் சொல்லப்பிடாது. இந்த நேரத்துல பிள்ள வெசனப்படும். வெளக்கு மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவசரத்தில் பண்ணக் கூடாத சத்தியம். ஆனால் விளக்கின் மேல் கை வைத்தாகிவிட்டது.

போன் போட்டுக் கொடுத்தேன். "மக்கா... வீட்டுக்கு வா," என்றார். அவ்வளவுதான். அவள் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் உடனே கட் பண்ணிவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் கோமதி என் போனில் வந்தாள். "பாத்தியா? நான் அப்பா, அப்பான்னு கூப்பிட்டுட்டே இருக்கேன். கடமைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சாச்சு. இதுக்கு அந்த விரதமே தேவலாம். நான் வரல."

சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. பத்மநாபா என்று கண்ணை மூடினேன். அந்த டீக்கடைக் கண்ணாடிதான் தெரிந்தது.

"மக்கா, அம்மைக்காக ஒண்ணு செய்யி. அந்த டிராயிங் வாத்தியார் படத்துல ஸ்டேஷன் சீன் உண்டுல்லா, அத ஒரு தடவை பாரு. சத்தத்த நிறுத்திட்டுப் பாரு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா. பாரு."

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டாள்.

"அம்மா... அந்த அப்பா கண்ணாடில பாத்துட்டுத்தான் நிக்காங்க."

"ம்."

"நீ எப்படிம்மா சத்தமில்லாமப் பாத்தே?"

அவள் என் மகள், மெதுவாக யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"அம்மா. அப்பாக்குக் காது கேக்கலையா?"

"வெளக்கு மேல சத்தியம் பண்ணிருக்கேன் மக்கா. என்கிட்ட ஒண்ணும் கேக்காத."

இது சத்தியத்தை மீறியதா, காப்பாற்றியதா? அடுத்த நாள் மூன்றாவது வாசலில் பாதத்தைப் பார்த்துக் கேட்டேன். சுவாமி படுத்தபடியே இருந்தார்.

அந்த வார முடிவிலேயே மாப்பிள்ளையோடு வந்துவிட்டாள். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நேராக அப்பாவின் வலது பக்கம் போய் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கூப்பிட்டு நான் வந்தேன். நாளைக்கு நான் கூப்பிடுற இடத்துக்கு நீங்க வரணும்." இவர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தேன்.

காது டாக்டர், பரிசோதனை, மிஷின் எல்லாம் பத்து நாளில் முடிந்தது. "இதை முன்னயே செய்யாம சாமியார் வேஷம் போட்டிருக்கீங்க," என்று மகள் திட்டினாள். "போதும் போதும், மெல்லப் பேசு. இப்போ எல்லாம் கேக்கு," என்றார் இவர்.

போன ஞாயிற்றுக்கிழமை எட்டாவது தடவை. கோமதிதான் எங்கேயோ தேடி எடுத்து டிவியில் போட்டாள். இந்தத் தடவை சத்தத்தோடு. ஸ்டேஷன் காட்சி வந்ததும் நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இவர் கையை உயர்த்தினார்.

"ஏளா, வாத்தியார் என்னமோ சொல்லுதாரு, கேட்டியா?"

உதடு அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டதே இல்லை. கோமதி திரும்ப ஓட்டிப் போட்டாள். வயலினுக்கு அடியில், ரயில் சத்தத்துக்கும் அடியில், ரொம்ப மெல்லிய ஒரு குரல். ஒம்பது... பத்து... பதினொண்ணு...

"பெட்டிய எண்ணுதாரு," என்றார் இவர்.

"எதுக்குப்பா?"

"கடைசிப் பெட்டி எப்பப் போகும்னுதான். அது போனாத்தான திரும்பலாம். அதுக்கு முன்ன திரும்பினா பிள்ள மொகத்தப் பாக்கணும்லா."

படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, டிவியைப் பார்த்தபடியே இவர் சொன்னார்:

"உன் வண்டிக்கு இருபத்திரெண்டு பெட்டி."

அவள் நகர்ந்து வந்து அவருடைய வலது தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழுந்து, மிஷின் இருக்கிற இடது பக்கம் போய்ச் சாய்ந்தாள்.

ஆரியசாலைத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுக்காரரின் விரதம் உண்மையான விரதமாகவே இருக்கட்டும், சுவாமி அருள் செய்வார். ஆனாலும் வருகிற வியாழக்கிழமை, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.