கொப்பியில் வளர்ந்த காடு

காட்டுக் கந்தோரில், அதாவது வன அலுவலகத்தில், எனக்குக் கிடைத்த வேலை மரங்களுக்குச் சுற்றளவு எடுப்பது. தையல்காரன் வேலை என்று என் ஊர் கல்முனைக்குடியில் கேலி செய்வார்கள். அம்பாறைக்கு அப்பால், முதிரையும் பாலையும் நின்ற ஒரு துண்டுக் காட்டில், எண் அடித்த தகரம் தொங்கும் மரங்களை வருடத்துக்கு ஒரு தரம் நெஞ்சு உயரத்தில் நாடாவால் சுற்றி அளந்து கொப்பியில் எழுத வேண்டும். மரங்கள் பருக்காமல் நின்றால் காட்டுக்குச் சுகமில்லை என்று அர்த்தம், தொடமாட்டார்கள். நன்றாகப் பருத்தால் வெட்டக் கொடுப்பார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மாரியில் பாதை சேறாகிவிடும் என்பதால் கோடையில்தான் போவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் நோன்பும் கோடையில்தான் வந்தது. நாடாவின் மறுநுனியைப் பிடிப்பவர் திருக்கோவில் ஊர்க்காரர். நான் அவரை அண்ணன் என்பேன், முஸ்லிம்களான நாங்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில் அவர் என்னைக் காக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

நான் நோன்பு என்றால் அவரும் தண்ணீர் குடிக்க மாட்டார். போத்தல் நிறையத் தண்ணீர் பையில் கிடக்கும். "குடிங்க அண்ணன், எனக்கு ஒண்டுமில்ல" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"நீங்க பாத்துக்கிட்டு இரிக்க எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது காக்கா. விடுங்க."

மறைவாகப் போய்க் குடிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் மழை பொய்த்திருந்தது. முதிரைகளின் உச்சிக் கொப்புகள் காய்ந்து கிடந்தன. அளந்த மரமெல்லாம் போன வருடத்து அளவிலேயே நின்றது. பாதித் துண்டு முடிந்தபோது அண்ணனின் உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. ஒரு பாலையில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்குமே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"போதும், வாங்க போவம்," என்றேன். "எல்லாத்துக்கும் போன வருச அளவோட அரை அங்குலம் கூட்டிப் போடுவம். வழமையா வளர்ற மாதிரி. அதே அளவ எழுதினா அளக்காம வந்திட்டம் எண்டு நினைப்பாங்க."

"ஓம்," என்றார்.

ஒரு தரம்தானே என்று நினைத்தேன். அடுத்த வருடம் ஒழுங்காக அளந்தால், மரங்கள் என் கொப்பியைவிட மெலிந்து நின்றன. மரம் மெலியுமா? கந்தோரில் யார் நம்புவார்கள்? உண்மையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அண்ணனுக்குக் கலியாணம் ஆகாத மூன்று குமர்ப் பிள்ளைகள். அதனால் இன்னும் அரை அங்குலம் ஏற்றினேன். மறு வருடமும் அதேதான். நோன்பு பிடித்துக்கொண்டு பொய் எழுதினேன். பட்டினி கிடந்ததுதான் மிச்சம். வெட்கமாக இருந்தது, ஆனால் களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் கந்தோர் ஐயா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சுகமான காடு," என்றார். வெட்டுவதற்கு அனுமதி போயிற்று. பாதை தெரிந்தவர்கள் என்று எங்களையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

மரம் வெட்ட வந்த முதலாளி முதல் மரத்தில் தானே நாடாவைச் சுற்றினார். பிறகு இரண்டாவது மரத்தில்.

"என்ன காக்கா இது? எழுத்தில இரிக்கிற பருமன் மரத்தில இல்லையே."

அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி திரும்பிப் போய்விடுவார் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அவர் ஏன் போகிறார்? இத்தனை கன அடி மரம் எடுக்கலாம் என்று என் கொப்பியை வைத்துத்தான் அனுமதிக் கடிதம் எழுதியிருந்தார்கள். பருமனில் குறைந்ததை எண்ணிக்கையில் எடுத்தார். தகரம் தொங்கிய மரங்கள் முடிந்ததும், தகரம் இல்லாத மரங்கள் எந்தப் பக்கம் என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் காட்டினோம்.